கச்சேரிக்குப் போகாமலே காரியம் முடிய

திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம், நிலாவெளி வீதியோரத்தில் இருக்கும் ஏதாவதொரு கம்யூனிகேசன் கடையில் காலையில் அரை மணித்தியாலம் நின்று பாருங்கள். போட்டோகொப்பி எடுக்க வருபவர்களோடு, கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டே "தம்பி, இதை ஒருக்கா நிரப்பித் தாங்க" என்று கேட்டு வருபவர்களும் இருப்பார்கள். ஒரு தாய் மகளின் பிறப்புச் சான்றிதழைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருப்பார். கடற்கரை விடுதியில் வேலை செய்யும் பையன் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க வந்திருப்பான். கடலிலிருந்து நேரே வந்த ஒருவரின் தொலைபேசித் திரையில் குறுக்காக ஒரு வெடிப்பு ஓடியிருக்கும். மூன்று பேரிடமும் டேட்டா இருக்கிறது. மூன்று பேருக்கும் எழுத வாசிக்கத் தெரியும். இருந்தும் காசு கொடுத்து இன்னொருவரைக் கொண்டு நிரப்புகிறார்கள். அரசாங்கத் தளம் ஆளை எந்த இடத்தில் கைவிட்டதோ, அந்த இடத்தில்தான் கடைக்காரரின் வருமானம் தொடங்குகிறது.

பிரதேச செயலகத்திலோ பிரதேச சபையிலோ மாகாணத் திணைக்களத்திலோ இணையத்தளத்துக்குப் பொறுப்பாக இருப்பவருக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம். பெரும்பாலும் அந்தப் பொறுப்பு, "உமக்குக் கொம்பியூட்டர் தெரியும்தானே" என்று அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவரின் தலையில் கட்டப்பட்டதாக இருக்கும். அவர் பெரிய வடிவமைப்பாளராக ஆகத் தேவையில்லை. கடைக்குப் போகிறவர்களின் தொகையைக் குறைத்தால் போதும். முகப்பில் ஓடும் எழுத்து, திறப்பு விழாப் படங்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக் காட்டும் பெட்டி, இவை எதுவும் அந்தக் கணக்கில் சேராது.

தமிழ்ப் பொத்தானுக்குப் பின்னால்

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் என்ற மூன்று சமூகங்களில் எதுவும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் பாதியைத் தொடவில்லை. சட்டமோ தெளிவாக இருக்கிறது. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டு வந்த 16ஆவது திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகமும் பதிவேடுகளும் தமிழில் நடக்க வழிசெய்தது. ஆகவே கிழக்கு மாகாணத்தில் இயங்கும் ஓர் அலுவலகத் தளத்தின் தமிழ்ப் பக்கத்தைச் சலுகையாக நினைக்க இடமில்லை. அது அலுவலகத்தின் பிரதான வாசல்.

அந்த வாசலை எப்படிச் சோதிப்பது? முகப்பில் "தமிழ்" என்ற பொத்தானை அழுத்துங்கள். மேல்பட்டியில் உள்ள ஐந்தாறு சொற்கள் தமிழாகும். பிறகு "அறிவித்தல்கள்" பக்கத்துக்குப் போங்கள். அங்கே ஆங்கிலத்தில் பன்னிரண்டு அறிவித்தலும் தமிழில் மூன்றும் இருந்தால், அதுவும் அந்த மூன்றும் போன வருடத்து விலைமனுக் கோரலாக இருந்தால், பொத்தான் வெறும் அலங்காரம். ஒரே அறிவித்தல் எல்லா மொழியிலும் ஒரே நாளில் ஏற வேண்டும். ஏற்ற முடியாவிட்டால், "இந்த அறிவித்தலின் தமிழ் வடிவம் இன்ன திகதியில் வரும்" என்று ஒரு வரியாவது வேண்டும்.

அடுத்த பொறி எழுத்துரு. இலங்கையில் தமிழ் தட்டெழுதும் அலுவலகங்களில் பாமினி என்ற எழுத்துருவுக்கு நீண்ட ஆட்சி உண்டு. பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் கொம்பியூட்டருக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி பதிந்த கொம்பியூட்டரில் அது கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். எழுத்துரு இல்லாத தொலைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் கொட்டும். கூகிளில் "காணி அனுமதிப்பத்திரம்" என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் ஒருநாளும் அகப்படாது, ஏனென்றால் அந்தச் சொல் அங்கே இல்லவே இல்லை. தமிழ்த் தகவல் தொழில்நுட்பத்துக்கென 2008இலேயே யுனிகோட் அடிப்படையில் இலங்கைத் தர நியமம் வந்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010இல் யுனிகோடை ஏற்றுக்கொண்டது. பாமினியில் கை பழகியவர் விசைப்பலகையை மாற்றவும் தேவையில்லை. அதே விசைகளால் யுனிகோட் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய பைல்களை யுனிகோடுக்கு மாற்றும் வேலையைச் செய்து முடித்தால் தேடுபவர் கண்ணில் தளம் படும். புதிய வண்ணப்பூச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

மொழிபெயர்ப்பைவிட ஆழமான சிக்கல் ஒன்று பெயர்ப் பெட்டியில் இருக்கிறது. "முதற் பெயர்", "கடைசிப் பெயர்" என்று இரண்டு கட்டங்களைப் போட்டு, இரண்டும் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் வைப்பது வெளிநாட்டு வார்ப்புருவிலிருந்து வந்த பழக்கம். அப்பாவின் பெயரை முன்னெழுத்தாகக் கொண்ட தமிழர் எதைக் கடைசிப் பெயராக எழுதுவார்? சிலர் அப்பாவை எழுதுவார்கள், சிலர் தங்கள் பெயரையே இரண்டு தடவை எழுதுவார்கள். முஸ்லிம் பெயர்களில் மூன்று நான்கு முன்னெழுத்து சாதாரணம். சிங்களவரின் வாசகம என்ற குலப்பெயர் கட்டத்தின் நீளத்துக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்படும். "முழுப்பெயர், பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி" என்று ஒரே நீளமான கட்டம் போட்டால் மூன்று சமூகத்தின் தலைவலியும் ஒரே நேரத்தில் தீரும். அடையாள அட்டை இலக்கமும் இப்படித்தான். ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய அட்டையை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 2016 முதல் வந்த அட்டையில் 12 இலக்கம். இரண்டையும் ஏற்காத படிவம் நாட்டின் ஒரு பகுதியை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது.

கண் இல்லாமலும் வெயிலிலும்

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்கு முன், புரூஸ் மகுவையர் என்ற பார்வையற்ற அவுஸ்திரேலியர் ஒலிம்பிக் தளத்தைத் தன் கருவி வாசிக்கவில்லை என்று முறையிட்டார். படங்களுக்கு விளக்க எழுத்து இல்லை, போட்டி அட்டவணைக்கும் முடிவுகளுக்கும் வழி இல்லை என்பது குறை. ஏற்பாட்டுக் குழு திருத்த மறுத்தது. மனித உரிமை ஆணைக்குழு மகுவையர் பக்கம் நின்றது, குழு 20,000 அவுஸ்திரேலிய டொலர் இழப்பீடு கொடுக்க வேண்டிவந்தது. அதற்கு முந்திய ஆண்டுதான் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தன் முதலாவது அணுகல் வழிகாட்டலை வெளியிட்டிருந்தது. அந்த வழிகாட்டல் 2008, 2018, 2023 எனப் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. தகவலும் தொடர்பாடலும் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் 9ஆவது உறுப்புரை. நம் குடிசன மதிப்பீட்டில், 2012இல், ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர் ஏதோவொரு இயலாமையைப் பதிவு செய்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் சொன்னது பார்வைச் சிரமம்.

பார்வையற்றவர் தளத்தை எப்படிக் கேட்கிறார் என்பதை ஒருமுறையாவது கேளுங்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம். அதை 2006இல் தொடங்கியவர் மைக்கேல் கரன் என்ற அவுஸ்திரேலியர். அவரும் பார்வையற்றவரே. தமிழையும் அது வாசிக்கும், குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருந்தாலும். அதை இயக்கி, மவுசைக் கையால் தொடாமல், உங்கள் அலுவலகத்தின் அண்மைய அறிவித்தலைத் திறவுங்கள். கடிதத் தலைப்பில் அடித்து, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து, பிடிஎப்பாக ஏற்றிய அறிவித்தல் என்றால் மென்பொருள் ஒன்றும் பேசாது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தாளின் புகைப்படம் மட்டுமே. முத்திரை வேண்டும் என்று மேலதிகாரி நின்றால் ஸ்கேனும் இருக்கட்டும். ஆனால் அதே வாசகம் பக்கத்திலேயே எழுத்தாகவும் இருக்க வேண்டும். தேடுபொறிக்கும் அது உதவும், குறைந்த டேட்டாவில் பார்ப்பவருக்கும் உதவும்.

கண் நன்றாகத் தெரிபவரையும் வடிவமைப்பு குருடாக்கலாம். உப்புவெளிக் கடற்கரையில் நடுப்பகலில் தொலைபேசியைத் திறந்து, வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தை வாசிக்க முயன்றவருக்கு இது விளங்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று வழிகாட்டல் சொல்கிறது. அதை அளந்து காட்டும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. தமிழுக்கு இன்னொரு கவனமும் தேவை. ஆங்கிலத்துக்கு அளவாக வைத்த எழுத்து, கொம்பும் சுழியும் புள்ளியும் கொண்ட தமிழில் நசுங்கிப்போகும். ஆங்கிலப் பக்கத்தைவிடத் தமிழ்ப் பக்கத்தில் வரி இடைவெளியைக் கூட்டுங்கள், எழுத்தையும் ஒரு படி பெரிதாக்குங்கள். பொத்தான்கள் ஈரக் கையின் பெருவிரலுக்கு அடங்க வேண்டும். தவறாக நிரப்பிய கட்டத்தைச் சிவப்பாக்கிவிட்டு மட்டும் நிற்கக்கூடாது. "திகதி இன்னும் நிரப்பப்படவில்லை" என்று சொல்லால் சொல்ல வேண்டும், நிறம் பிரித்தறிய முடியாதவரும் இருக்கிறார். நெளிந்த எழுத்தைப் பார்த்துத் தட்டச் சொல்லும் "நீங்கள் ரோபோவா" சோதனையை முடிந்தால் தூக்கிவிடுங்கள். அது ரோபோவைவிட அதிகமாக வயதானவர்களைத்தான் தடுக்கிறது.

2022: ஒரு வாரத்தில் கற்ற பாடம்

இலங்கையில் அரசாங்கத் தளம் என்ற சொல்லுக்கு வெளியே எப்போதும் நிற்கும் மக்கள்கூட ஒரு தளத்தைப் பயன்படுத்திய காலம் 2022 யூலை. எரிபொருள் வரிசை நாட்கணக்கில் நீண்டபோது, யூலை 16இல் தேசிய எரிபொருள் அனுமதி தொடங்கியது. அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம் ஆகியவற்றைக் கொடுத்தால் ஒரு கியூஆர் சதுரம் கிடைத்தது. தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று பங்கீடு.

அதில் நல்ல வடிவமைப்பு எங்கே இருந்தது என்று கவனியுங்கள். அந்தத் தளம் ஒரே ஒரு காரியத்தைச் செய்தது. அமைச்சின் வரலாறோ தூரநோக்குக் கூற்றோ குறுக்கே நிற்கவில்லை. அதைவிட முக்கியம், கியூஆரைத் தாளில் அச்சிட்டாலும் அது வேலை செய்தது. எரிபொருள் நிலையத்தில் நிற்பவரிடம் டேட்டா இருக்கத் தேவையில்லை, ஸ்மார்ட்போனே இருக்கத் தேவையில்லை. கம்யூனிகேசன் கடைக்காரர்கள் அதை லெமினேட் செய்து கொடுத்தார்கள், ஓட்டோக்காரர்கள் சாவிக்கொத்தில் தொங்கவிட்டார்கள். சேவையின் கடைசிப் படி தாளாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொள்ளும் தளத்துக்கு எந்தக் கிராமமும் தூரமில்லை.

குறையும் இருந்தது. முதலில் ஓர் அடையாள அட்டைக்கு ஒரு வாகனம் என்ற நிபந்தனை, செசி இலக்கத்தைத் தேடி வாகனப் புத்தகத்தைக் கிளற வேண்டிய அவதி. இது வாகனத்துக்கான அனுமதி, படகுக்கு மண்ணெண்ணெய் தேடிய மீனவருக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. திருகோணமலை போன்ற கரையோர மாவட்டத்தில் யாராவது முன்கூட்டியே கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும் விடயம் இது. 2023 செப்டம்பர் தொடக்கத்தில் முறை நிறுத்தப்பட்டது. அட்டை பலரின் பணப்பையில் இன்னமும் கிடக்கிறது.

தளம் விழும் நாள்

அமெரிக்காவின் மருத்துவக் காப்புறுதித் தளம் 2013 ஒக்டோபர் 1இல் திறந்தபோது, முதல் நாளில் கடைசிப் படிவரை போய்ச் சேர்ந்தவர்கள் ஆறே பேர். பணம் குறைவாக இருந்ததால் நேர்ந்ததல்ல அது. கூட்டம் வரும் என்று தெரிந்தும் கூட்டத்தை வைத்துச் சோதிக்கவில்லை. நம்மிடமும் க.பொ.த. பெறுபேறு வெளியாகும் இரவுகளில் அதே கூட்டம்தான். பெறுபேறு போன்ற மாறாத தகவலை ஒவ்வொருவர் கேட்கும்போதும் தரவுத்தளத்திலிருந்து தோண்டி எடுக்காமல், முன்கூட்டியே தனித்தனிப் பக்கமாகச் சமைத்து வைத்துவிட்டால் பாரம் பெருமளவு குறையும். கூடவே குறுஞ்செய்தி வழியும் திறந்திருக்க வேண்டும்.

சூறாவளி நாளில் இது உயிர்ப் பிரச்சினை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி கரையைக் கடந்தது திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளி, திரியாய்ப் பக்கம். அப்படியான இரவில் மின்சாரம் போகும், கோபுரம் தடுமாறும், தொலைபேசியில் ஒற்றைக் கோட்டுச் சமிக்ஞை மட்டும் நிற்கும். அந்நேரம் பெரிய படங்கள் ஏறும் முகப்பு திறக்கவே திறக்காது. ஒவ்வொரு மாவட்ட, பிரதேசத் தளத்திலும் வெறும் எழுத்தில் ஓர் அவசரப் பக்கம் தயாராக இருக்கட்டும். முதல் வரியில் "கடைசியாகப் புதுப்பித்தது: திகதி, நேரம்", அடுத்து எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும், பிறகு பாதுகாப்பு நிலையங்களின் பெயர், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. அறிவித்தலைப் படமாக்கி வட்ஸ்அப்பில் விடுவது வேகமானதுதான். ஆனால் நேற்றைய படமும் இன்றைய படமும் ஒன்றுபோல் சுற்றிக்கொண்டிருக்கும், எது புதிது என்று யாருக்கும் தெரியாது.

சூறாவளி இல்லாமலும் தளம் விழும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க மேகக் கணினி கப்பம் கோரும் வைரசுக்கு இரையானது. அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகம் உட்பட. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்துக்குப் பின்காப்பே இல்லை. மின்னஞ்சல் மென்பொருளும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. கொழும்பில் அரசாங்கத்தின் தகவல் தொழில்நுட்ப நிறுவனமே வைத்திருந்த அமைப்புக்கு அந்த நிலை என்றால், ஒரு பிரதேச சபைத் தளத்தை நினைத்துப் பாருங்கள். பிரதியை மூன்றாக வையுங்கள், அதில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து தளத்தை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பின்காப்பு வெறும் நம்பிக்கைதான். கடவுச்சொல் ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருக்கக்கூடாது, அவர் கந்தளாய்க்கு இடமாற்றம் பெற்ற அடுத்த நாளே தளம் அநாதையாகும்.

முகவரியும் நம்பகத்தின் பகுதி. உப்புவெளி விடுதிக்காரர்கள் இதை 2024இல் நேரில் அனுபவித்தார்கள். 2012 முதல் வெளிநாட்டவர் விசாவுக்கு விண்ணப்பித்துவந்த அரசாங்கத் தளத்தின் இடத்தில், அந்த ஏப்ரலில் வெளிநாட்டு நிறுவனங்கள் நடத்தும் தளம் வந்தது. அதன் முகவரியின் முடிவில் அரசாங்கத்துக்குரிய கவ் டொட் எல்கே இல்லை. அரசாங்கத் தளம் போல் நடித்துக் காசு பிடுங்கும் போலிகள் மலிந்த துறையில், எது உண்மை என்று சுற்றுலாப் பயணி எப்படி நம்புவார்? மனுக்கள் போடப்பட்டன. ஓகஸ்ட் 2இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்துப் பழைய முறைக்குத் திரும்பப் பணித்தது. கட்டளையை நிறைவேற்றாத குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் செப்டம்பரில் விளக்கமறியலுக்கு அனுப்பப்பட்ட பின்னரே பழைய தளம் மீண்டும் திறந்தது. அலுவலகத்தின் பேஸ்புக் பக்கம் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், முகவரி மாறாத, அரசாங்கப் பெயரில் முடியும் தளம்தான் பதிவேடு. பேஸ்புக்கில் போட்டது இரண்டு வாரத்தில் அடியில் போய்விடும்.

கடைசியாக ஒரு சட்டக் கடமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, தகவல் உத்தியோகத்தரின் தொடர்பு விவரமும் கட்டணமும் அலுவலகச் சுவரில் மட்டுமன்றி, இணையத்தளம் இருந்தால் அதிலும் இருக்க வேண்டும் என்கிறது. பல தளங்களில் அந்தப் பெயர் ஓய்வுபெற்றுப் போனவருடையதாகவே நிற்கிறது. இன்று பின்னேரம் அலுவலகக் கொம்பியூட்டரை விட்டுவிட்டு, உங்கள் சொந்தத் தொலைபேசியில், டேட்டாவில், உங்கள் தளத்தைத் திறந்து அந்த இலக்கத்தைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும் அழையுங்கள். யாரும் எடுக்காவிட்டால் முதலில் அந்த இலக்கத்தைத் திருத்துங்கள், மற்ற வேலைகளை நாளை தொடங்கலாம்.